பள்ளிப் பேருந்து நின்ற பிறகு: கொங்குப் பகுதிப் பெற்றோருக்கும் வண்டியோட்டிகளுக்கும் ஒரு வழிகாட்டி

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் காலை ஏழேகால் மணிக்கு ஒரு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நிற்கும்போது, அதற்காகத் தாமும் நிற்கும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பால் கேன் கட்டிய மொபெட் இடப்பக்க மண்ணில் இறங்கிப் போகும்; கம்பெனிக்கு ஆளேற்றிச் செல்லும் வேன் ஹாரனை அழுத்தியபடி வலப்பக்கம் ஏறிப் போகும்; எதிரே வரும் டிப்பர் லாரி வேகத்தைக்கூடக் குறைக்காது. அந்த அரை நிமிடத்தில்தான் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, தன் எடையில் கால் பங்கு இருக்கும் பையைச் சுமந்துகொண்டு, இட்டேரியிலிருந்து, அதாவது வேலிகளுக்கு நடுவே செல்லும் மண்பாதையிலிருந்து, தார்ச்சாலைக்கு ஏறி வருகிறது.

பள்ளிப் பேருந்துப் பாதுகாப்பு என்றதும் பெரும்பாலோருக்கு ஓட்டுநரின் வேகமும் வண்டியின் பிரேக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் போக்குவரத்துக் குழுவில் பெற்றோர் சார்பில் மூன்றாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு: குழந்தை சாலையைக் குறுக்கே கடக்கத் தேவையே இல்லாதபடி நிறுத்தத்தை அமைத்துவிட்டால் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்படி அமைக்க வழியில்லாத இடத்தில், யாருடன், எப்போது, பேருந்தின் எந்தப் பக்கமாகக் கடப்பது என்பதைப் பல் துலக்குவதைப் போல அன்றாடப் பழக்கமாக்கிவிட வேண்டும். கீழே எழுதியிருப்பவை யாவும் இந்த இரண்டையும் செய்துமுடிப்பதற்கான வழிகளே.

வாட்ஸ்அப்பில் வரும் அமெரிக்கக் காணொளியும் நம் சட்டமும்

கோவை, ஈரோடு பக்கத்தில் வீட்டுக்கொரு பிள்ளை அமெரிக்காவில் இருப்பதாலோ என்னவோ, அங்குள்ள பள்ளிப் பேருந்து நிற்கும் காணொளி நம் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. பேருந்து நிற்கப்போகிறது என்பதை மஞ்சள் விளக்கு மினுக்கி அறிவிக்கும். நின்றதும் சிவப்பு விளக்குகள் மினுக்க, ஓட்டுநர் பக்கத்தில் 'நில்' என்று எழுதிய எண்கோணப் பலகை விரியும். உடனே பின்னால் வரும் வண்டிகளும் எதிரே வரும் வண்டிகளும் ஒருசேர நின்றுவிடும். குழந்தை பேருந்தின் முன்பக்கமாக நடந்து சாலையைக் கடக்கும். விளக்கு அணைந்து பலகை மடங்கும்வரை ஒருவரும் நகர்வதில்லை.

இது அவர்களுடைய நற்குணம் மட்டுமன்று. அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இது சட்டம். நியூயார்க்கில் முதல்முறை மீறினாலே 250 முதல் 400 டாலர் வரை அபராதமும், நீதிமன்றம் நினைத்தால் 30 நாள் வரை சிறையும் உண்டு. நியூ ஜெர்சியில் குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்தில் வருபவர் நிற்க வேண்டியதில்லை என்று பெரும்பாலான மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன. நியூயார்க் அந்த விலக்கையும் தருவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் முதல் குற்றத்துக்கே 400 முதல் 2,000 டாலர் வரை அபராதம் விதித்து, உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளையும் ஏற்றிவிடுகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய் அங்கே மகனுடைய காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் தாத்தாக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இதுதான்.

நம் நாட்டில் இப்படி ஒரு நேரடி விதி கிடையாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-இ பிரிவு சேர்க்கப்பட்டது; நின்றிருக்கும் பள்ளிப் பேருந்துக்கு அதுபோல ஒரு வரி சேர்க்கப்படவில்லை. சேர்த்திருக்கலாம் என்பது என் மனக்குறை. அதற்காக, நின்ற பேருந்தை எப்படி வேண்டுமானாலும் தாண்டிப் போகலாம் என்று பொருளாகிவிடாது. நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர் ஆகியோரிடம் வண்டியோட்டி தனிக்கவனம் காட்ட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பிறருக்கு ஆபத்து விளையும் இடத்தில் முந்துவதும் விதிமீறலே. சட்டத்துக்குப் புறம்பாக முந்திச் செல்வது 184ஆம் பிரிவின்கீழ் ஆபத்தான ஓட்டுதலாக எடுத்துக்கொள்ளப்படும். முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. குழந்தைக்கு உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்தாண்டு வரை சிறை.

இந்த வேறுபாட்டை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு முன்னால தாண்டிப் போகணும் கண்ணு" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தாயை நான் அறிவேன். அமெரிக்காவில் அது சரி, ஏனெனில் அங்கே இரு திசையிலும் வண்டிகள் நின்றிருக்கும். நம் ஊரில், நிற்கும் பேருந்தின் முன்பக்கமாகக் கடக்கும் குழந்தையைப் பின்னாலிருந்து முந்தி வருபவர் கடைசி நொடிவரை பார்க்க முடியாது. குழந்தையாலும் அவரைப் பார்க்க முடியாது. பத்தடி உயர மஞ்சள் சுவர் ஒன்று இருவருக்கும் நடுவே நிற்கிறது. ஆகவே இங்குள்ள விதி இதுதான்: கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லப் பெரியவர் இல்லையென்றால், பேருந்து கிளம்பிப் போய், சாலை இருபுறமும் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்வரை ஓரத்திலேயே நிற்க வேண்டும். அதன்பிறகே கடக்க வேண்டும்.

நிறுத்தத்தை எங்கே அமைப்பது

நாம் இடப்பக்கம் செல்லும் நாட்டினர். பேருந்தின் வாசலும் இடப்பக்கம்தான். எனவே பேருந்து செல்லும் திசையில் சாலைக்கு இடப்பக்கம் வீடு உள்ள பிள்ளைக்குச் சிக்கல் ஏதுமில்லை. வலப்பக்கத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) குடியிருப்பவர்களுக்குத்தான் சிக்கல். நம் பகுதியில் ஊர் என்பது தெருவாகக் கூடியிருப்பதைவிடத் தோட்டந்தோட்டமாகச் சிதறியிருப்பதே அதிகம் என்பதால், ஒரே சாலையின் இருபுறமும் பிள்ளைகள் இருப்பார்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. காலையில் பேருந்து பள்ளியிலிருந்து கிளம்பிக் கடைசி ஊர்வரை போய், வந்த வழியே திரும்புகிறது. போகும்போது ஒரு சாரிப் பிள்ளைகளையும், திரும்பி வரும்போது மறு சாரிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம். மாலையிலும் அப்படியே இறக்கிவிடலாம். அப்போது எந்தப் பிள்ளையும் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. போகும் சாரியில் ஏறும் பிள்ளைகள் கூடுதலாக இருபது நிமிடம் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்க நேரும் என்பது உண்மை. "எம் பேத்தி அத்தன நேரம் சும்மா சுத்திக்கிட்டுத் திரியோணுமா?" என்று ஓர் அம்மிச்சி கூட்டத்தில் எழுந்து கேட்டார். நியாயமான கேள்விதான். எனினும் அந்த இருபது நிமிடத்தில் குழந்தை ஓர் இருக்கையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் என்று சொன்னபோது அவரும் ஒப்புக்கொண்டார்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நேரில் போய், ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் நின்று பார்க்கும்போது நன்றாகத் தெரியும் சாலை, கிளுவை வேலியும் சோளத்தட்டும் வளர்ந்த ஓரத்தில் குழந்தையின் கண்ணுக்கு இருபதடிகூடத் தெரியாமல் போகலாம். வைகாசியில் வெட்டவெளியாகக் கிடந்த இடம் ஐப்பசி மழைக்குப் பிறகு புதராகிவிடும். ஆண்டுக்கு இருமுறையாவது போய்ப் பார்த்து, வேலியை வெட்டிவிடச் சொல்லித் தோட்டத்துக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளையும் அதே பேருந்தில்தான் போகும்.

வளைவிலும் மேட்டின் இறக்கத்திலும் நிறுத்தம் கூடாது என்பதை யாரும் சொல்லாமலே அறிவோம். பலர் கவனிக்கத் தவறுவது வாய்க்கால் பாலங்களை. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் – ஆழியாறு) வாய்க்கால்களின்மேல் உள்ள பழைய பாலங்களில் சாலை ஒடுங்கும். அடையாளம் சொல்ல வசதியாக இருக்கிறது என்று 'வாய்க்கால் பாலம் ஸ்டாப்' என்றே ஒன்று எங்கும் இருக்கும். அங்கே பேருந்து நின்றால் முந்தும் வண்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒதுங்கக் குழந்தைக்கு இடமே இராது. நிறுத்தத்தைப் பாலத்திலிருந்து நூறடியேனும் தள்ளி வையுங்கள்.

சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள், குறிப்பாகச் செங்கப்பள்ளிக்கும் நீலாம்பூருக்கும் இடைப்பட்ட ஆறுவழிப் பகுதியில் இருப்பவர்கள், பேருந்து சர்வீஸ் ரோட்டில் மட்டுமே நிற்க வேண்டும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதன்மைச் சாலையில் நிறுத்தினால் ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று ஓட்டுநர் சொல்வார். மறுபக்கம் போக வேண்டிய பிள்ளை அண்டர்பாஸ் வழியாகத்தான் போக வேண்டும். நடுத்தடுப்பில் ஏறிக் குதிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்தே கற்கிறார்கள்.

இறங்கும்போதும் ஏறும்போதும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை. எங்கள் நிறுத்தத்துக்கு எதிர்ச்சாரியில், புளியமரத்தடியில், டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். பேத்தி படியில் இறங்கியதும், "சாமீ, அப்பிச்சி இங்கிருக்கறேன் பாரு" என்று கையை உயர்த்தினார். அவ்வளவுதான், அந்தக் குழந்தைக்குச் சாலை, வண்டி எதுவும் கண்ணில் படவில்லை, அப்பிச்சி மட்டுமே தெரிந்தார். ஓடத் தொடங்கியவளின் பை வாரைப் பேருந்து ஆயா எட்டிப் பிடித்துவிட்டார். கழுத்தில் தொங்கிய தண்ணீர் பாட்டில் கழன்று சாலையில் உருண்டது. பேருந்தை முந்தி வந்த கார் ஒன்று அதை நசுக்கிவிட்டு நிற்காமல் போயிற்று. ஆயா பெரியவரைப் பார்த்து, "ஏனுங்க அப்பாரு, அந்தப் பக்கம் நின்னு கூப்புடாதீங்க. இந்தப் பக்கம் வந்து நின்னுக்குங்க" என்றார். குரல் நடுங்கியது. பெரியவர் வண்டியிலிருந்து இறங்கவே சற்று நேரமாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் நிறுத்தத்தில் முதல் விதி அதுதான்: கூட்டிப்போக வருபவர், பேருந்து வாசல் திறக்கும் பக்கத்தில், பேருந்து வருவதற்கு முன்பே வந்து நிற்க வேண்டும். வர இரண்டு நிமிடம் தாமதமானால் எதிர்ச்சாரியிலிருந்து கைகாட்டுவதோ கூப்பிடுவதோ கூடாது. ஆயா பிள்ளையைத் தம்மோடு நிறுத்திவைப்பார் அல்லது பேருந்திலேயே வைத்துக்கொள்வார்.

இரண்டாவது, இறங்கும் வரிசை. ஆயா முதலில் இறங்க வேண்டும். இறங்கியதும் பார்க்க வேண்டிய திசை பின்பக்கம், ஏனெனில் பேருந்துக்கும் சாலையோரத்துக்கும் இடையே உள்ள மண்ணில் புகுந்து வரும் இருசக்கர வண்டிதான் வாசலில் இறங்கும் குழந்தையின் முதல் எதிரி. இடப்பக்கம் முந்துவது விதிமீறல் என்பது ஓட்டுபவருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்றடி இடைவெளி அவரை அழைக்கிறது. ஓட்டுநர் பேருந்தை ஓரத்தை ஒட்டி, அந்த இடைவெளியே இல்லாதபடி நிறுத்தினால் நல்லது. இடைவெளி இருந்தால் ஆயா அதில் கையை நீட்டி நின்ற பிறகே முதல் பிள்ளை கால் வைக்க வேண்டும். நான்கு இண்டிகேட்டர்களும் நிறுத்தத்துக்கு முன்பிருந்தே மினுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, பேருந்தைச் சுற்றியுள்ள மறைவிடம். இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது; செய்து காட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பு ஒன்றை வெட்டி எடுத்துப்போய், பேருந்தின் முன் பம்பரை ஒட்டி நட்டாற்போல் ஒருவர் பிடித்துக்கொண்டோம். தந்தையர் ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்கள். கரும்பு ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. பிடித்திருந்தவர் ஓரெட்டு ஓரெட்டாகப் பின்னால் போக, நான்காவது எட்டில்தான் கரும்பின் நுனி கண்ணாடியில் முளைத்தது. இடது முன்சக்கரத்தின் அருகே நிலைமை இன்னும் மோசம். பேருந்தைச் சுற்றிப் பத்தடி, அதாவது மூன்று மீட்டர், அபாய வட்டம் என்று அமெரிக்கப் பள்ளிகளில் கற்பிக்கும் கணக்கு அன்று எங்களுக்குப் புரிந்தது. இறங்கிய பிள்ளை நேராக ஐந்து பெரிய எட்டு வைத்துச் சாலையைவிட்டு விலகிப் போய் நிற்க வேண்டும். உருண்ட பந்து, விழுந்த பென்சில் பெட்டி, பறந்த தாள் எதுவானாலும் பேருந்துக்குக் கீழே குனிந்து எடுக்கக் கூடாது. "பொருள் போனா வாங்கிக்கலாம்" என்று வீட்டில் ஒருமுறை உறுதி சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகள் அம்மாவின் திட்டுக்குப் பயந்தே குனிகின்றன.

நான்காவது, பின்னோக்கி எடுப்பது. கடைசி ஊரில் மாரியம்மன் கோயில் திடலிலோ அரசமரத்தடியிலோ பேருந்து திரும்பும். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வேனில் சிக்கி இறந்தான். அதே ஆண்டில் தமிழக அரசு விதிகளைத் திருத்தி, பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்னோக்கி வரும்போது எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம் என்றது. கேமரா இருந்தாலும், ஆயா இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊதாமல் வண்டி ஓரடிகூடப் பின்னால் வரக் கூடாது. பிள்ளைகள் இறங்குவதற்கு முன்பே, எல்லாரும் உள்ளே இருக்கும்போதே, திருப்பி நிறுத்திவிடுவது இன்னும் மேல்.

காலையில் ஏறுவதற்கும் இவையே பொருந்தும். மார்கழியிலும் தையிலும் ஏழு மணிக்கே பனி இறங்கியிருக்கும் இடங்களில் பையின்மேல் ஒளிரும் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். லாரி உதிரிபாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பேருந்தைப் பிடிக்க ஓடுவது மட்டும் வேண்டாம். தவறவிட்டால் அப்பா கொண்டுபோய் விடுவார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அது ஓடாது.

பேருந்தில் என்ன பார்ப்பது

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்துவதற்கான தமிழ்நாட்டின் சிறப்பு விதிகள் அந்த ஆண்டிலேயே வந்தன. அதற்கும் முன்பு, 1997இல் உச்ச நீதிமன்றம் தில்லிக்காக வகுத்த நெறிகள் பின்னர் நாடெங்கும் முன்மாதிரியாயின: கனரக வண்டி ஓட்டி ஐந்தாண்டு அனுபவம் உள்ள ஓட்டுநர், உதவியாளர், சன்னலுக்குக் குறுக்குக் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பூட்டக்கூடிய கதவு, பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும், பை வைக்க இருக்கைக்கடியில் இடம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பள்ளி திறக்கும் முன், மே மாதத்தில், போக்குவரத்து, காவல், வருவாய், பள்ளிக் கல்வி அதிகாரிகள் சேர்ந்து பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு நாள். தரைப்பலகை துருப்பிடிப்பது மழைக்காலம் முழுவதும். பேருந்துக்குக் கூடு கட்டுவதில் பெயர்பெற்ற கரூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பட்டறையில் வேலைபார்க்கும் உறவினர் ஒருவரை அழைத்துப்போனால், தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார். அவசரக் கதவை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். கயிற்றால் கட்டப்பட்ட, அல்லது கூடுதல் இருக்கையால் அடைக்கப்பட்ட அவசரக் கதவை நான் பார்த்திருக்கிறேன். தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் இட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு இரண்டும் எந்தத் தேதிவரை என்பது தெரிந்துவிடும்.

வெள்ளை எண் பலகை உள்ள சொந்த உபயோக வேனில் மாதக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால் அது பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் இதைத்தான் கேட்கும். மலிவு என்பதால் அந்த வேனில் அனுப்புபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீங்கள் வண்டியோட்டியாக இருக்கும்போது

பேருந்தைத் தாண்டிப் போகும் அந்த மொபெட்காரரும் வேன்காரரும் வேற்றூரார் அல்லர். மாலை ஐந்து மணிக்குள் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும் என்று விரையும் நாமேதான். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்: மஞ்சள் பேருந்து நிற்பதைக் கண்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன், ஒருவழியோ இருவழியோ, நடுத்தடுப்பு இல்லாத சாலையானால் பேருந்துக்குப் பின்னால் இரண்டு வண்டி நீளம் விட்டு நின்றுவிடுவேன். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். இண்டிகேட்டரைப் போட்டுக் கையைத் தாழ்த்தி 'மெல்ல' என்று காட்டினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். எதிரே வரும்போதும் நடையின் வேகத்துக்குக் குறைத்து, பேருந்தின் முன்சக்கரத்துக்குக் கீழே உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். குழந்தை தெரியாவிட்டாலும் அதன் கால் அங்கே தெரியும். இது ஒரு லாரி ஓட்டுநர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் நாமக்கல்லிலிருந்து முப்பது ஆண்டுகள் வடநாட்டுக்கு லோடு அடித்தவர்.

இந்த நிற்றலில் போவது அரை நிமிடம். நின்றதும் குழந்தையைப் பார்த்துக் கையசைத்து 'வா, வா' என்று மட்டும் கூப்பிடாதீர்கள். நீங்கள் நின்றிருக்கிறீர்கள், உங்களை முந்தி வருபவர் நிற்பார் என்பதற்கு உறுதியில்லை.

புகார் செய்வது எப்படி

ஒரே வண்டி, குறிப்பாக நேரத்துக்கு ஓடும் மினி பஸ்ஸோ கம்பெனி வேனோ, நாள்தோறும் உங்கள் நிறுத்தத்தில் பேருந்தை ஆபத்தாக முந்துகிறது என்றால், சாலையில் நின்று சண்டைபிடிப்பதில் பயனில்லை. மூன்று நாள் தேதி, நேரம், வண்டி எண், நடந்தது என்ன என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் முன், பின் கேமரா இருக்கும். அந்த நாட்களின் பதிவை அழிப்பதற்குள் எடுத்துவைக்கும்படி பள்ளிக்கு எழுதுங்கள். பிறகு காவல் நிலையத்திலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒரே கடிதத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வேன் என்றால் அதை அமர்த்தியிருக்கும் கம்பெனியின் மேலாளருக்கும் ஒரு படி அனுப்புங்கள். எங்கள் அனுபவத்தில் மிக விரைவாகப் பலன் தந்தது அந்த மூன்றாவது படிதான்.

உடனடி ஆபத்து என்றால் 112 அல்லது 100. காயம் என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் 1033. குழந்தைகள் தொடர்பான எந்த உதவிக்கும் 1098. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்த முடியாது. இதை ஆயாவுக்கும் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரருக்கும் சொல்லிவையுங்கள், ஏனெனில் முதலில் ஓடிவருபவர்கள் அவர்கள்தான்.

பள்ளியிடம் நிறுத்தத்தை மாற்றக் கேட்கும்போது வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். நாங்கள் முதல்முறை கேட்டபோது, "டீசல் செலவு கூடும்" என்று அலுவலகத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, சாலையின் இரு சாரியிலும் எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரு தாளில் வரைந்து, கடக்க வேண்டியவர்களின் பெயரைச் சிவப்பில் எழுதி, பதினொரு பெற்றோர் கையொப்பமிட்டுப் போக்குவரத்துக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். அந்தத் தாளைப் பார்த்து ஓட்டுநரே எழுந்து, தான் எப்படியும் கடைசி ஊர்வரை போய்த் திரும்புவதால் ஒரு சொட்டு டீசல்கூடக் கூடாது என்றார். அடுத்த திங்கட்கிழமை முதல் அந்த அப்பிச்சியின் பேத்தி புளியமரத்தடியிலேயே ஏறி, அங்கேயே இறங்குகிறாள்.